சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி: பூனைக்கு வீட்டில் இன்சுலின்

கால்நடை மருத்துவர் சீட்டில் எழுதித் தந்தது ஒரே வரிதான். இன்சுலின் கிளார்ஜின், 1 யூனிட், காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை. அந்த ஒரு யூனிட் எவ்வளவு என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மில்லி கிளார்ஜினில் 100 யூனிட் இருக்கிறது. ஆக, ஒரு யூனிட் என்பது மில்லியில் நூறில் ஒரு பங்கு. குழாயில் சொட்டுகிற ஒரு சொட்டுத் தண்ணீரை ஐந்தாகப் பிரித்தால் ஏறக்குறைய அதில் ஒரு பங்கு. நாலரைக் கிலோ எடையுள்ள உயிரின் ரத்தச் சர்க்கரையைப் பன்னிரண்டு மணி நேரம் இழுத்துப் பிடிக்க அது போதும். கை தவறினால் அதே மருந்து அதைச் சாய்த்தும் விடும்.

எத்தனை யூனிட் என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. அந்த அளவு கூடாமல் குறையாமல் பூனையின் தோலுக்கடியில் போய்ச் சேர்கிறதா, இன்றைக்கு இந்த வேளைக்குப் போடலாமா கூடாதா என்று பார்ப்பது நம் வேலை. இந்த அத்தியாயம் நம் வேலையைப் பற்றியது. திரும்பத் திரும்ப ஒரு பேச்சு இதில் வரும்: சந்தேகம் வந்தால் ஊசி போடாதீர்கள். ஒரு வேளை விட்டுப்போனால் சர்க்கரை ஏறும். பூனை கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், லிட்டர் தட்டு கூடுதலாக நனையும், அடுத்த வேளையில் பிடித்துக்கொள்ளலாம். அளவு கூடிப்போனால் அன்றிரவே உயிர் போகலாம்.

எங்கள் வீட்டில் நடந்தது

மருதுவுக்கு அப்போது ஒன்பது வயது. கருத்தடை செய்த ஆண் பூனை, வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவன், ஆறு கிலோ. இந்த நோய்க்கு அதிகம் ஆளாகிறவர்கள் இவனைப் போன்றவர்கள்தான்: ஆண், நடுவயது தாண்டியது, எடை கூடியது, ஓடியாட இடமில்லாதது. தட்டு நிறையத் தின்றும் இரண்டே மாதத்தில் நாலரைக் கிலோவுக்கு இறங்கிவிட்டான். பின்னங்காலைக் குதிகால் தரையில் பட வைத்து நடந்தான். சர்க்கரை நரம்பைத் தாக்கினால் பூனை அப்படித்தான் நடக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. முதலில் கண்டுபிடித்தது அம்மா.

"என்னடி இது, பூனை மண்ணுல எறும்பு மொய்க்குது? எனக்கு இருக்கறது இவனுக்கும் வந்துடுச்சா?"

அம்மாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. அவர் இன்சுலின் புட்டியும் சிரிஞ்சும் எப்போதும் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும். மருதுவின் மருந்தும் அதே கதவுக்கு வந்து சேர்ந்தது. அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

நம் ஊர் மருந்துக்கடைகளில் இரண்டு விதமான இன்சுலின் புட்டிகள் விற்கின்றன. அம்மாவைப் போன்றவர்கள் பல காலமாகப் போட்டுக்கொள்ளும் புட்டி மருந்து பெரும்பாலும் யூ-40. அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. கிளார்ஜின் யூ-100. அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. சிரிஞ்சின் மேலுள்ள கோடுகள் அந்தந்த மருந்தின் அடர்த்திக்கு ஏற்பப் போடப்பட்டவை. யூ-100 மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் "ஒன்று" என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு தீர்ந்துபோனது. தெருமுனை மெடிக்கலில் இருந்த பையன் சிவப்பு மூடிப் பொட்டலத்தை எடுத்து வைத்தான். நான் தயங்கியதும், "அக்கா, இன்சுலின் சிரிஞ்சு எல்லாம் ஒண்ணுதான், யூனிட் கோடு பாத்து இழுங்க" என்றான். இழுத்தேன். போட்டும் விட்டேன். சிரிஞ்சைக் கீழே வைக்கும்போதுதான், வழக்கமாகக் கண்ணுக்கே தெரியாத அளவு மருந்து இன்றைக்கு ஏன் கண்ணுக்குத் தெரிந்தது என்று உறைத்தது. மருத்துவருக்குப் போன் செய்தேன். அரை மணிக்கு ஒரு தடவை காதில் குத்திப் பாருங்கள், தேனைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், எண்பதுக்குக் கீழே இறங்கினால் ஊட்டுங்கள் என்றார். நாலாவது மணி நேரத்தில் 54. அம்மா அவனை மடியில் வைத்துக்கொண்டார், நான் ஈறில் தேன் தடவினேன். விடியற்காலை மூன்று மணிக்கு 130ஐத் தாண்டியபோது அவனே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான்.

அந்தப் பையனுக்குத் தெரியவில்லை, சரி. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இந்த நூலில் நீங்கள் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: புட்டியில் என்ன எண் அச்சாகியிருக்கிறதோ அதே எண் சிரிஞ்சிலும் இருக்க வேண்டும். 40க்கு 40, 100க்கு 100. வீட்டில் மனிதர் ஒருவரும் இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால் இரண்டையும் வெவ்வேறு நிற டப்பாவில், வெவ்வேறு தட்டில் வையுங்கள். வெளிநாடுகளில் பூனைகளுக்குத் தரும் புரோஜிங்க், கேனின்சுலின் ஆகிய கால்நடை இன்சுலின்கள் யூ-40 வகை. யாராவது கொண்டுவந்து தந்தால் அதற்குச் சிவப்பு மூடிதான் சரி. கிளார்ஜினிலேயே மில்லிக்கு 300 யூனிட் உள்ள பேனாவும் இருக்கிறது. அதற்குள் சிரிஞ்சை விட்டு ஒருபோதும் மருந்து இழுக்காதீர்கள்.

ஆரஞ்சு மூடியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு மில்லி கொள்ளும் யூ-100 சிரிஞ்சில் ஒரு சின்னக் கோட்டுக்கு இரண்டு யூனிட். ஒரு யூனிட் போட வேண்டிய பூனைக்கு அது உதவாது. 0.3 மில்லி சிரிஞ்சு கேளுங்கள், அரை யூனிட் கோடு போட்டது கிடைத்தால் இன்னும் நல்லது. கடையில் இல்லையென்றால் சொல்லி வைத்து வரவழையுங்கள். கையில் பத்து மிச்சம் இருக்கும்போதே அடுத்த பாக்கெட் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

காதில் ஒரு துளி

வீட்டில் சர்க்கரை பார்க்காமல் இன்சுலின் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மருத்துவமனையில் பார்ப்பது மட்டும் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கூடைக்குள் அடைத்து, ஆட்டோவில் குலுங்கி, நாய்கள் குரைக்கும் வரவேற்பறையில் உட்கார்ந்த பூனைக்குப் பயத்திலேயே சர்க்கரை ஏறிவிடும். நோயே இல்லாத பூனைக்குக்கூட அங்கே 300ஐத் தாண்டுவது உண்டு. அந்த எண்ணைப் பார்த்து அளவைக் கூட்டினால் வீட்டுக்கு வந்ததும் விழுந்துவிடும்.

காது மடலின் வெளி ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய நரம்பு ஓடும். விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இளஞ்சிவப்பாகத் தெரியும். குத்த வேண்டியது அந்த நரம்பை அல்ல, நரம்புக்கும் விளிம்புக்கும் நடுவிலுள்ள இடத்தை. அதற்கு முன் காதைச் சூடாக்குங்கள். பழைய சாக்ஸில் ஒரு பிடி அரிசி போட்டுக் கட்டி, தோசைக்கல்லின் மேல் லேசாகக் காட்டி, நம் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, காதோடு ஒரு நிமிஷம் ஒத்திப் பிடித்தால் போதும். காதுக்குப் பின்னால் பஞ்சை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் லான்செட் காதைத் துளைத்து நம் விரலில் இறங்கும். கடுகளவு ரத்தம் முத்துப்போல நிற்கும். ஸ்ட்ரிப்பின் நுனியை அதில் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. அந்தக் கோழியை மறந்துவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் குளுக்கோமீட்டர் டப்பா திறக்கிற சத்தம் கேட்டு மருது தானே ஓடி வந்தான்.

மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனையின் ரத்தத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். பூனை ரத்தத்தில் சர்க்கரையில் பெரும்பங்கு சிவப்பணுக்களுக்கு வெளியே நீர்ப்பகுதியில் இருப்பதுதான் காரணம். குறைத்துக் காட்டுவது பாதுகாப்பான பக்கத்துத் தவறு என்பதால் அதை வைத்தே சமாளிக்கலாம். எந்த மீட்டர் என்பதை மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், மாற்றி மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். தோலில் ஒட்டும் சென்சாரும் பூனைகளுக்குப் போடுகிறார்கள். செலவு தாங்கும் என்றால் முதல் இரண்டு வாரத்துக்கு அது பெரிய ஆறுதல், தினமும் பத்துத் தடவை குத்த வேண்டாம்.

போடுகிற விதம்

சாப்பாடு முதலில், ஊசி பிறகு. தட்டில் வைத்ததும் தின்ன ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். தலை குனிந்து தின்கிற நேரம்தான் குத்துவதற்கு நல்ல நேரம். காலை ஏழு என்றால் இரவு ஏழு. அரை மணி முன்னே பின்னே பரவாயில்லை.

மருந்தை இழுத்ததும் சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஒரு யூனிட் மருந்து இருக்கவேண்டிய இடத்தை ஒரு காற்றுக்குமிழி முழுசாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் பூனைக்குப் போவது வெறும் காற்று. நகத்தால் சுண்டிக் குமிழியை மேலே ஏற்றி வெளியே தள்ளிவிட்டு மறுபடி அளவு பாருங்கள். கார்ட்ரிட்ஜிலிருந்து இழுக்கிறீர்கள் என்றால் உள்ளே காற்றையோ மிஞ்சிய மருந்தையோ திருப்பித் தள்ளாதீர்கள். கிளார்ஜின் தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தாலோ துகள் தெரிந்தாலோ குப்பைக்குத்தான். அதில் எதையும் கலக்கவும் கூடாது.

பிடரியில் மட்டுமே தினமும் குத்தினால் அந்த இடம் தடித்து, மருந்து ஏறுவது சீராக இருக்காது. விலாப்பக்கம், இடுப்புக்கு மேல் என்று இடம் மாற்றுங்கள். தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அடிப்பக்கத்தில் ஊசியைச் சாய்த்து நுழைத்து, மெதுவாக அழுத்தி, ஐந்து எண்ணிவிட்டு எடுங்கள். எடுத்ததும் அந்த இடத்து முடியைத் தொட்டுப் பாருங்கள், விரலை மோந்தும் பாருங்கள். ஈரமாக இருந்து மருந்து வாடை அடித்தால் ஊசி மறுபக்கம் வெளியே வந்து மருந்து முடியில் போயிருக்கிறது. எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மறுபடி போடக் கூடாது. பாதி உள்ளே போயிருக்கும் என்று கணக்குப் போட்டு மீதியைப் போடுவதும் கூடாது. வீட்டில் இருவர் மாறி மாறிப் போட்டு, "நீ போட்டியா நான் போட்டேனா" என்று குழம்பினாலும் இதே விதிதான்.

போடுவதற்கு முன் பார்த்த எண் 200க்குக் கீழே இருந்தால், புதிதாகத் தொடங்கியவர்கள் நிறுத்துங்கள். சாப்பாடு வைக்காமல் அரை மணி பொறுத்து மறுபடி பாருங்கள், ஏறுகிறதா என்று கவனியுங்கள், மருத்துவரைக் கேளுங்கள். பழகப் பழக உங்கள் பூனைக்கு உரிய எல்லையை அவரே சொல்வார். பூனை சாப்பிடவே இல்லை, அல்லது தின்றதை வாந்தி எடுத்துவிட்டது என்றாலும் முழு அளவு போடாதீர்கள், போன் செய்யுங்கள்.

எண்களைத் துரத்தாதீர்கள்

எல்லோரும் தடுமாறுகிற இடம் இது. மருதுவின் நோட்டிலிருந்து ஒரு நாள்: காலை 7 மணிக்கு 342. ஒன்பதுக்கு 290. பதினொன்றுக்கு 198. மதியம் ஒன்றுக்கு 126. மூன்றுக்கு 141. ஐந்துக்கு 233. இரவு ஏழுக்கு 318.

காலையும் இரவும் மட்டும் பார்த்தவருக்கு என்ன தோன்றும்? 342, 318. மருந்து போதவில்லை, கூட்டு என்று கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. ஆனால் நடுவில் 126 வரை இறங்கியிருக்கிறது. அந்த அடிமட்டம்தான் அளவைச் சொல்லும். பகலில் தொடுகிற மிகக் குறைந்த எண் 80க்கும் 150க்கும் நடுவில் இருக்க வேண்டும், மிக உயர்ந்தது 300ஐ ஒட்டியோ அதற்குள்ளோ இருந்தால் நல்லது என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 126 தொட்ட பூனைக்கு அரை யூனிட் கூட்டியிருந்தால் மதியம் ஒரு மணிக்கு, வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், விழுந்து கிடந்திருப்பான். ஆகவே மருத்துவர் கேட்கும்போது இரண்டு மணிக்கு ஒரு தடவை பன்னிரண்டு மணி நேரம் பார்த்து எழுதிய இப்படி ஒரு தாளைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒற்றை எண்ணை வைத்து அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கூட்டுவது என்றால் அரை யூனிட்தான். கூட்டியபின் குறைந்தது ஒரு வாரம் அதிலேயே நிற்க வேண்டும். கிளார்ஜின் தோலடியில் படிந்து மெல்ல மெல்ல இறங்கும் மருந்து. இன்று மாற்றிய அளவின் முழு விளைவு தெரியச் சில நாள் ஆகும். மூன்றாம் நாளே மறுபடி கூட்டினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். குறைப்பது அப்படியல்ல. எந்த நேரமானாலும் 80க்குக் கீழே ஓர் எண் வந்தால், அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரைக் கூப்பிட்டு அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். குறைப்பதற்கு வாரக் காத்திருப்பு எதுவும் இல்லை.

எண்களோடு பூனையையும் பாருங்கள். வாரம் ஒருமுறை எடை. தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு நாம் மட்டும் நின்று கழித்தால் போதும். தண்ணீர்க் கிண்ணத்தில் அளந்து ஊற்றி, மாலையில் மிச்சத்தை அளந்து எழுதுங்கள். தண்ணீர் குறைந்து எடை ஏறுகிறது என்றால் அளவு வேலை செய்கிறது.

சர்க்கரை இறங்கிவிட்டால்

திடீர்ப் பசி, தள்ளாட்டம், வெறித்த பார்வை, காரணமில்லாத கத்தல், மூலையில் போய் முடங்குதல், நடுக்கம், வலிப்பு. மீட்டரைத் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள்.

நிற்க முடிகிறது, தின்கிறது என்றால் கையில் கிடைத்த சாப்பாட்டை வையுங்கள், கூடவே தேன். இந்த ஒரு நேரத்தில் மாவுச்சத்துள்ள உலர்தீனியும் நல்லதுதான். தின்ன முடியவில்லை என்றால் தேனையோ, குளுக்கோஸ் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்தோ கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தடவுங்கள். மயங்கிய பூனையின் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும். வலிப்பில் இருக்கும்போது பற்களுக்கு நடுவில் விரலை விடாதீர்கள். தடவிக்கொண்டே வண்டியில் ஏறுங்கள். ஐந்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். தேன் அரை மணியில் தீர்ந்துவிடும், இன்சுலின் இன்னும் பல மணி நேரம் உள்ளே இருக்கும். மறுநாள் எண்கள் தாறுமாறாக ஏறி நிற்கலாம். அதைப் பார்த்து அளவைக் கூட்டாதீர்கள்.

எதிர்ப்பக்க ஆபத்தையும் அறிந்திருங்கள். சாப்பிடாமல், வாந்தியோடு, சோர்ந்து, வாயில் நகச்சாயம் அழிக்கும் திரவம்போல வாடை அடித்தால் அது கீட்டோன். அன்றைக்கே மருத்துவமனை.

சோறு, பால், மற்றவை

பூனை முழு ஊனுண்ணி. தயிர்சாதத்தையும் மீன்குழம்புச் சோற்றையும் நம் வீட்டுப் பூனைகள் தின்னப் பழகியிருக்கின்றன, அவ்வளவுதான். உலர்தீனியிலும் மாவுச்சத்து நிறைய. மாவு குறைந்த, இறைச்சி மிகுந்த ஈரத்தீனிக்கு மாற்றினால் இன்சுலின் தேவையே குறையும். அங்கேதான் கண்ணி இருக்கிறது. சோற்றை நிறுத்திய வாரத்திலும் பழைய அளவையே போட்டால் சர்க்கரை பாதாளத்துக்குப் போகும். ஆகவே முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள், பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள், அந்த நாட்களில் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். வேகவைத்த கோழி மட்டுமே கொடுத்து வளர்க்கவும் முடியாது. டாரின் குறைந்து இதயமும் கண்ணும் கெடும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு விஷம்.

அரிப்புக்கென்று போடும் நீண்டநாள் ஸ்டீராய்டு ஊசி சர்க்கரையை வாரக்கணக்கில் ஏற்றிவிடும். எந்த மருத்துவரிடம் எதற்குப் போனாலும் "சர்க்கரைப் பூனை" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பூனைகளுக்கென்றே பெக்ஸாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. ஏற்கெனவே இன்சுலினில் இருக்கும் பூனைக்கு அது ஆகாது. அம்மாவின் சர்க்கரை மாத்திரையை உடைத்துக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம்.

மருந்தை ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். கதவில் சூடும் குளிரும் மாறிக்கொண்டே இருக்கும், ஃப்ரீசரை ஒட்டி வைத்தால் உறையும். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. திறந்த தேதியைப் புட்டியில் எழுதுங்கள். லேபிளில் 28 நாள் என்றுதான் இருக்கும், அதற்கு மேல் வைத்துக்கொள்வதை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். மின்வெட்டு நீண்டால் ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள். போட்ட ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள். வெறுமே குப்பையில் எறிந்தால் குத்துவது தூய்மைப் பணியாளரின் கையில்.

தொடக்கத்திலேயே சீராகக் கவனித்த பூனைகளில் ஒரு பகுதிக்கு, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள், இன்சுலின் தேவையே இல்லாமல் போவது உண்டு. மருதுவுக்கு ஐந்தாம் மாதத்தில் அடிமட்டம் 70களுக்கு வர ஆரம்பித்தது. அரை யூனிட்டுக்கு இறக்கினோம், பிறகு ஒரு வேளை, பிறகு நிறுத்தினோம். நோய் போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, அடங்கியிருக்கிறது. ஆகவே வாரம் ஒருநாள் காதில் ஒரு துளி பார்ப்பது தொடர வேண்டும். இரண்டு வாரம் அடுத்தடுத்து 200ஐத் தாண்டினாலோ, லிட்டர் தட்டில் மறுபடி எறும்பைப் பார்த்தாலோ அன்றே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். பழைய புட்டியைத் தேடி எடுத்து நீங்களாகப் போட ஆரம்பிக்காதீர்கள். அளவு மறுபடி முதலிலிருந்து பார்க்கப்பட வேண்டும்.